பட்டாளத்துக்காரருக்கு முகம் கொடுத்த நௌஷாத்

"ஓட்டையோட என் கடைக்குள்ள வந்த படம் ஓட்டையோட வெளிய போனதா சரித்திரமே கெடையாது. வரைஞ்சவனே எந்திரிச்சு வந்து பாத்தாலும் நான் தொட்ட எடத்தைக் காட்ட முடியாது. அவ்வளவு ஏன், நானே காட்ட முடியாது!"

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, உத்தமபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், வாயில் பாதி உளுந்த வடையோடு நௌஷாத் வெளியிட்ட பிரகடனம் இது. மறுத்துப் பேச யாரும் முன்வரவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் நௌஷாத் கைவைத்த ஒரு படமாவது மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இறந்துபோனவர்கள் இவ்வளவு லட்சணமாக இருப்பதற்கு அவருடைய நூர் ஸ்டூடியோ ஒன்றுதான் காரணம். வாழ்நாளில் கோட்டு என்ற வஸ்துவைப் பக்கத்தில் பார்த்திராத திராட்சைத் தோட்டக்காரர், கருமாதி முடிவதற்குள் கோட்டும் டையும் அணிந்து, பின்னால் ஒரு ரோஜாத் தோட்டத்துடன் வீடு திரும்பிவிடுவார். ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச்சேர்ந்த தாய் தகப்பன்மார்களையும் நௌஷாத் கைவிட்டதில்லை. மூத்தவன் நெற்றி, இளையவன் மூக்கு, மகள் வாய் என்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு உறுப்பாக வாங்கி, கம்ப்யூட்டரில் ஒரு முகத்தைக் கட்டி எழுப்புவார். பிரேம் போட்டு நிமிர்த்தியதும் குடும்பமே அதன் முன்னால் நின்று அழும். "அச்சு அசலா அப்படியே இருக்காக" என்பார்கள். இருக்கத்தானே செய்வார்! எல்லாம் அவர்களிடமே கொள்முதல் செய்த சரக்கு.

இப்படிப்பட்ட மேதை இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்தது சாமி படங்களின் முதுகு வழியாக.

ஸ்கேன் செய்து புதுப்பிப்பதற்காகப் பழைய கண்ணாடிப் படங்கள் கடைக்கு வரும். ஆணியைப் பிடுங்கிப் பின்பலகையைக் கழற்றினால், படத்துக்கும் பலகைக்கும் நடுவே மொத்தமான ஒரு தாள் மடித்துச் செருகியிருக்கும். விரித்துப் பார்த்தால் துப்பாக்கி, தொப்பி, லாரி, மீசை. 'சேனையில் சேருங்கள்! நல்ல சம்பளம், நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு' என்று கொட்டை எழுத்து. யுத்தம் முடிந்ததும் மிஞ்சிப்போன ஆள்சேர்ப்பு நோட்டீஸ்களை அந்தக் காலத்துப் பிரேம் கடைக்காரர்கள் பழைய பேப்பர் விலைக்கு வாங்கி, அட்டைக்குப் பதிலாகச் செருகித் தள்ளியிருக்கிறார்கள். வடுகபட்டி வீடொன்றில் இருந்து வந்த முருகன் முதுகில் ஒரு பீரங்கியே இருந்தது. அந்த வீட்டார் அறுபது வருடமாக முருகனுக்குக் காட்டிய சூடத்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் சர்க்காருக்கும் போயிருக்கிறது.

நௌஷாத் படத்துக்குப் புது அட்டை வைத்துக் கொடுத்துவிட்டு நோட்டீஸைத் தான் வைத்துக்கொண்டார். ஸ்கேன் செய்தார். கிழிசலை மூடி, மடிப்பை அழித்து, கறையைத் துடைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பக்கம் ஒன்றில் ஏற்றினார். 'யுத்த கால விளம்பரங்கள்: சீரமைப்பு, நூர் ஸ்டூடியோ, உத்தமபாளையம்' என்று தலைப்பு. கீழே கடையின் போன் நம்பர். போர் மூண்டால் தேவைப்படலாம் அல்லவா?

அவர் மனைவி ஆசியா இந்தத் தொண்டை முதலில் மெச்சவில்லை.

"சின்னமனூர் கல்யாண ஆல்பம் அப்படியே கெடக்கு. பொண்ணு மாசமாவே ஆயிருச்சாம். நீங்க இங்கன உக்காந்து பட்டாளத்துக்குப் பவுடர் பூசிக்கிட்டிருக்கீக."

"இது வரலாறு, ஆசியா."

"வரலாறு வந்து ஆல்பத்துக்கு அட்வான்ஸ் குடுத்துச்சா?"

ஆனால் வரலாறு மெல்லக் கடைப்பக்கம் வரத்தான் செய்தது. புனேயிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பாராட்டி எழுதினார். இங்கிலாந்தில் நோட்டீஸ் சேகரிக்கும் ஒருவர், இவ்வளவு புதிதாக ஒரு பழைய நோட்டீஸைத் தாம் பார்த்ததே இல்லை என்று வியந்தார். அதில் ஒரு சந்தேகத்தின் வாடை அடித்ததை நௌஷாத் கவனிக்கவில்லை. பாராட்டு என்றே படித்து, பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

ஊக்கம் பெற்ற கலைஞன் பழுதுபார்ப்பதோடு நிற்பானா? வெளுத்துப்போன வானங்கள் நீலமாயின. கறுத்த சிப்பாய்கள் சிவந்தார்கள். பாதிக்கு மேல் செல்லரித்துப் போன ஒரு நோட்டீஸில் பின்னணி என்ன என்றே தெரியாததால், கைவசம் இருந்த வைகை அணைப் பூங்காவை வைத்துக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் பட்டாளத்துக்கு ஆள் கேட்கும் அந்த வீரர், ஐம்பத்தொன்பதில் திறக்கப்பட்ட அணைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். புனே அதிகாரி இதைச் சுட்டிக்காட்டியபோது, "அது வேற அணை" என்று மூன்றே சொல்லில் பதில் அனுப்பி விவகாரத்தை முடித்துவைத்தார்.

அவருடைய மகுட சாதனை இரண்டாயிரத்து ஏழில் நிகழ்ந்தது. ஒரு லட்சுமி படத்தின் முதுகிலிருந்து வெளிப்பட்ட நோட்டீஸ் அது. வண்ணத்தில் வரைந்த சிப்பாய், மார்பளவு. தலைப்பாகை இருந்தது, தாடை இருந்தது, வலது காது இருந்தது. நடுவே முகம் இருக்க வேண்டிய இடத்தைச் செல் தின்றுவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வைத்திருந்தது. வேறொருவர் என்றால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டிருப்பார். நௌஷாத் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

தேவை ஒரு முகம். லேசாக இடப்பக்கம் திரும்பி, தாடையை உயர்த்தி, எதிரியைக் கண்டு அஞ்சாத முகம். கம்ப்யூட்டரில் சேர்ந்துகிடந்த கல்யாணப் படங்களை எல்லாம் புரட்டினார். இத்தனை வருடத்து மாப்பிள்ளைகளில் ஒருவர் முகத்தில்கூடப் போருக்குப் போகும் துணிவு இல்லை. பாதிப் பேர் வீடியோ லைட்டுக்குக் கண்ணை இடுக்கியிருந்தார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே சரணடைந்தவர்களாகத் தெரிந்தார்கள். கடைசியில் வேறு வழியின்றித் தானே ஸ்டூலில் உட்கார்ந்து, தாடையை உயர்த்தி, டைமர் வைத்துத் தன்னையே எடுத்துக்கொண்டார். சொட்டை விழுந்த இடம் தலைப்பாகைக்குள் போயிற்று. கம்ப்யூட்டரில் ஒரு மீசை முளைத்தது. தூரிகை ஓடிய மாதிரி மேலே வண்ணம் ஏற்றினார். ஓட்டை மூடிக்கொண்டது.

ஆசியாவை அழைத்துக் காட்டினார்.

"யாருன்னு தெரியுதா?"

ஆசியா குனிந்து நன்றாகப் பார்த்தார். "எங்கயோ பாத்த ஆளு மாதிரி இருக்கு. ரேஷன் கடையில நிறுவை போடுவாரே, அவரா?"

இருபது வருடம் கூடவே வாழ்ந்தவருக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், அந்த வேலையைப் பற்றி இனிச் சொல்ல என்ன இருக்கிறது? அன்றே படம் இணையத்தில் ஏறியது. தேடிவந்து எடுத்துப்போனவர்கள் அதைத் தங்கள் பக்கங்களிலும் போட்டுக்கொண்டார்கள். உத்தமபாளையத்து நௌஷாத், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் சேனையில் சேரும்படி உலகத்துக்கு அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் கோம்பை அழகுமலை வருகிறார்.

அழகுமலை திராட்சைத் தோட்டமும், ரோடு காண்ட்ராக்டும், அறுபத்தைந்து வயதும், அதற்குச் சற்றும் பொருந்தாத குரலும் கொண்டவர். நூர் ஸ்டூடியோவின் புகழில் ஒரு கீறல் உண்டென்றால் அது அவரால் வந்தது. பட்டாளத்துக்குப் போன தகப்பனார் சங்கிலி, இவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே பர்மாப் பக்கம் காணாமல் போய்விட்டார். ஒரு போட்டோ கிடையாது. வீட்டில் நடந்த ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் மேல்மூலையில் தாய் சோணையம்மாளின் படமும், பக்கத்தில் தகப்பனுக்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கும் அச்சாகும். "உங்க மூஞ்சில முப்பத்தஞ்சு வயசக் கொறச்சா அய்யா வந்திருவாக" என்று நௌஷாத் பலமுறை ஆசை காட்டியும் அவர் மசியவில்லை. "நான் ஆத்தா சாடை. என் மூஞ்சியைப் போட்டா அது எங்க அய்யா இல்ல, மீசை வச்ச ஆத்தா" என்று சொல்லிவிட்டார். பள்ளத்தாக்கிலேயே இல்லாத முகத்தை நௌஷாத்திடம் வாங்க மறுத்த ஒரே மனிதர்.

அவர்தான் இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசியில் ஒருநாள் காலை, கடைக்குள் நுழையும்போதே கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"பாய்! எங்க அய்யாவக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டய்யா!"

நௌஷாத் எழுந்து நின்றார். பாராட்டு எதற்கு என்று தெரியாவிட்டாலும் எழுந்து நின்று வாங்கிக்கொள்வது அவர் பழக்கம்.

"எந்த அய்யாண்ணே?"

"எனக்கு எத்தனை அய்யாவா? மெட்ராஸ்ல இருக்காள்ல எம் மக ஞானசெல்வி, அவதான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு அனுப்புனா. தலைப்பாயும் மீசையுமா நிக்கிறாரே, அந்தப் பட்டாளத்து நோட்டீசு!"

நௌஷாத் மெதுவாக உட்கார்ந்தார்.

"அவருதான்னு எப்படிண்ணே சொல்றீக?"

"எப்படியா? கேளு. கேம்ப்புல படம் வரையுற ஆளு ஒருத்தரு எங்க அய்யாவ வெயில்ல நிக்க வச்சு வரைஞ்சிருக்காரு. லீவுல வந்தப்ப ஆத்தாகிட்டச் சொன்னாராம். 'என் மூஞ்சியப் போட்டு நோட்டீசு அடிக்கிறாக, ஊரு ஊருக்கு ஒட்டுவாக, நீயும் பாப்ப'ன்னு. அதுக்குப் பெறகு ஆத்தா சந்தைக்குப் போறப்பெல்லாம் காய்கறியப் பாக்காது, செவத்தத்தான் பாக்கும். கம்பம், சின்னமனூரு, தேனி, எங்கயும் கெடைக்கல. செத்துப்போற வரைக்கும் நோட்டீசுன்னாலே நின்னு பாக்கும் பாய், சினிமா நோட்டீசா இருந்தாலும்."

அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. உடனே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டார்.

"பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பார்வை இருக்கே, பத்துப் பேரை ஒத்தையில அடிக்கிற பார்வை! புதுவீடு பால்காய்ப்பு வருது. பத்திரிகையில இந்தத் தடவை வெளக்கு கெடையாது, அய்யாதான். கோம்பை பஸ் ஸ்டாப்புல இருபதடிக்குப் பிளெக்ஸு. நீ பெரிய சைசுல படத்தைக் குடு."

பத்துப் பேரை அடிக்கும் பார்வைக்குச் சொந்தக்காரர் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைவிட இருபது வயது மூத்த ஒரு மகனை எதிரே வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்பதற்கு ஸ்டூடியோத் தொழிலில் முன்மாதிரி எதுவும் இல்லை. ஆனாலும் அவர் உள்ளூரக் கலங்கிவிடவில்லை. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்; பத்திரிகையில் விளக்கு போய் முகம் வருகிறது; ஊரில் எத்தனையோ வீட்டில் இல்லாத மூக்கைக் கும்பிடவில்லையா? 'சரிண்ணே, சாயங்காலம் வாங்க' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் ஒதைக்குது" என்றார் அழகுமலை. "எங்க அய்யாவுக்கு வலது காது நுனி இருக்காதாம். சின்னதுல நாய் கவ்விருச்சு. எங்கூரு நாய் கவ்வுனா துண்டோடதான விடும்? ஆத்தா சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் காது நல்லாத் தெரியும். ஆனா நோட்டீசுல காது முழுசா இருக்கு. பட்டாளத்தானுக்கு ஊனம் இருக்கக் கூடாதுன்னு வரைஞ்ச ஆளே சேத்துப் போட்டிருப்பாரோ?"

நாக்கு நுனிக்கு வந்த பதிலை நௌஷாத் விழுங்கினார்.

வரைந்தவர் சேர்க்கவில்லை. சேர்த்தது யார் என்று அவருக்குத் தெரியும். முகத்தை ஒட்டி முடித்த கையோடு, காது நுனியிலும் கொஞ்சம் குறைகிறதே, செல் போகிறபோக்கில் கடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்து, இடது கைச் சுண்டுவிரலை அசைக்கும் நேரத்தில் அதை நிரப்பிவிட்டிருந்தார்.

எழுந்து உள்ளே போனார். பழைய புரோமைடு பேப்பர் டப்பாவில் அந்த நோட்டீஸ்கள் இருந்தன. அந்தத் தாளை எடுத்துவந்து, கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் மேஜை மேல் விரித்தார்.

அழகுமலை தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"மூஞ்சி எங்க பாய்?"

நௌஷாத் மேஜையைச் சுற்றி வந்தார். அழகுமலையின் தோளில் கிடந்த துண்டை உருவித் தலையில் சுற்றிக்கொண்டார். ஸ்டூடியோ விளக்கைப் போட்டு அதன் கீழே நின்று, லேசாக இடப்பக்கம் திரும்பி, தாடையை உயர்த்தி, மீசைக்கு ஆட்காட்டி விரலை மேலுதட்டில் வைத்தார். அந்த நிலையிலும் அவர் பார்வை கம்பீரமாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.



"அடப்பாவி" என்றார் அழகுமலை, சத்தமே இல்லாமல். பிறகு சத்தம் வந்தது. "அடப்பாவி! ஞானசெல்வி அனுப்புனத பிரிண்டு போட்டு சாமி ரூம்புல வச்சிருக்கேனே! நேத்துலருந்து உனக்கா சூடம் காட்டிக்கிட்டிருக்கேன்?"

"அண்ணே..."

"எம் பேரனுகள வரிசையா விழுந்து கும்பிட வச்சேனே பாய்! கெடா வெட்டுறதா வேண்டியிருக்கேன்!"

"கெடா எனக்கு வேணாம்ணே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது சொன்ன பிறகுதான் நௌஷாத்துக்குத் தெரிந்தது. அடுத்துச் சில நிமிடங்கள் அழகுமலை பயன்படுத்திய சொற்கள் தேனி மாவட்டத்தின் வளத்தை எடுத்துக்காட்டுபவை. ஆனால் அச்சிடத் தக்கவை அல்ல. பஸ் நிலையத்திலிருந்து நாலைந்து பேர் எட்டிப்பார்த்தார்கள். ஆசியா உள்ளேயிருந்து வந்து, தலையில் துண்டோடு நின்ற புருஷனையும் திரையில் இருந்த சிப்பாயையும் மாறிமாறிப் பார்த்து, "அல்லாவே, ரேஷன் கடை ஆளு இல்லையா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

கோபம் தீர்ந்தபோது அழகுமலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குரல் அவர் வயசுக்கு வந்திருந்தது.

"இதுல எதெல்லாம் நீயி? உள்ளதச் சொல்லு."

நௌஷாத் திரையில் விரலை வைத்தார்.

"நெத்தி நான். புருவம், கண்ணு, மூக்கு எல்லாம் நான். மீசை கம்ப்யூட்டர். தலைப்பாயில இந்த ரெண்டு மடிப்பும் நான் போட்டது. இந்த பட்டன் வேற நோட்டீசுல இருந்து எடுத்தது. கழுத்துல இங்கன ஒரு கிழிசல் இருந்துச்சு, அதை மூடிருக்கேன். வானம் முழுக்க நான்."

விரல் எங்கேயும் தேடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நேராகப் போய் உட்கார்ந்தது. கடைசியாகக் காதில் நின்றது.

"காது நுனி... அதுவும் நான்தாண்ணே."

அழகுமலை தாளைத் தன் பக்கம் இழுத்தார். செல் அரித்த ஓட்டையின் ஓரமெல்லாம் கந்தல் கந்தலாக இருந்தது. காதின் வெட்டு மட்டும் அப்படி இல்லை. அதன் விளிம்பைச் சுற்றி, மயிரிழை கனத்தில், செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வளைந்து போயிற்று. எவரோ ஒருவர் வெயிலில் நின்ற ஓர் ஆளை உற்றுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வரைந்திருக்கிறார்.

"தொடலாமா?"

"தொடுங்கண்ணே."

அவர் தொடவில்லை. விரலைக் காதுக்கு மேலே பிடித்தபடி இருந்தார்.

"அப்ப மூஞ்சி போனது போனதுதானா பாய்?"

"இந்தத் தாள்ல போயிருச்சு. ஆனா ஒரே ஒரு நோட்டீசா அடிச்சிருப்பாக? எந்த ஊருலயாச்சும், எவன் வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடியாச்சும் முழுசா ஒண்ணு இருக்கும். வெள்ளக்காரன் பொட்டியில இருந்தாலும் இருக்கும்." நௌஷாத் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மடித்தார். "ஆனா என் மூஞ்சி நெட்டுல கும்முனு நிக்கிற வரைக்கும் எவன்ணே தேடிப் பாப்பான்? வச்சிருக்கவன் கூட, தன்னுதுதான் தப்புன்னு நெனச்சுக்குவான்."

அழகுமலை துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார். "பத்திரிகையில அந்தப் படம் வேணாம்பா. ஆமா. வெளக்கையே போடு." வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துத் திரைக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். எழுந்து போகிற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நௌஷாத் தாளை ஸ்கேனரில் கவிழ்த்து மூடினார். வெளிச்சம் ஒரு முறை ஓடித் திரும்பியது. திரையில் சிப்பாய் வந்தார்: மஞ்சள் ஏறிய வானம், மடிப்பு, கறை, நடுவே பெரிய ஓட்டை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு தூசி, கழுத்துப் பக்கம் கரும்புள்ளியாக விழுந்திருந்தது. நௌஷாத்தின் கை தன்போக்கில் மவுஸை அந்தப் புள்ளிக்குக் கொண்டுபோயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ஸ்கேனரைத் திறந்து, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்தார்.

பழைய படத்தை இணையத்திலிருந்து நீக்கினார். எடுத்துப் போட்டுக்கொண்ட மற்றவர்களுக்கும், புனேக்கும், இங்கிலாந்துக்கும் ஒரே கடிதமாக எழுதினார்: முன்பு அனுப்பிய முகம் என்னுடையது, அருள்கூர்ந்து எடுத்துவிடவும். எழுதி முடித்ததும் ஆசியா வாங்கிப் படித்துவிட்டு, இருவருக்கும் டீ போடப் போனார்.

புதிய படத்துக்குக் கீழே நௌஷாத் ஒரே ஒரு வரி அடித்தார். 'இந்த நோட்டீஸ் முகத்தோடு வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும்.' நூர் ஸ்டூடியோவின் பெயரைச் சேர்க்கவில்லை. போன் நம்பரை மட்டும் விட்டுவைத்தார்.

பட்டனை அழுத்தினார்கள். அன்றைக்கு லைன் மந்தம். படம் பக்கத்தில் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் தலைப்பாகை வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லாத பழுப்பு வந்துகொண்டிருந்தது. அழகுமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காது வருவதற்காகக் காத்திருந்தார்.